கண்டிகோட்டாவைப் பார்த்த கண்ணோடு நம் மலைகளைப் படமெடுப்பது எப்படி?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் குடியாத்தத்திலிருந்து சித்தூர், பீலேர், ராயசோட்டி, கடப்பை வழியாகக் கண்டிகோட்டாவுக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தேன். பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை நடுவே அறுத்துக்கொண்டு போகும் இடம் அது. தெலுங்கில் கண்டி என்றால் மலை இடுக்கு. அதை ஒட்டிய கோட்டை என்பதால் ஊருக்கு அந்தப் பெயர். கோட்டைக்குப் பின்புறமுள்ள பாறை விளிம்பில் இருட்டோடு இருட்டாக முக்காலியை நிறுத்திக் காத்திருந்தேன். முதல் வெளிச்சம் எதிர்க்கரையின் மேல்விளிம்பில் சிவப்புக் கோடாக விழுந்தது. பிறகு முக்கால் மணி நேரத்தில் ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்கி, கடைசியில் ஆற்று நீரைத் தொட்டது. நான் செய்ததெல்லாம் ஷட்டரை அழுத்தியது மட்டுமே.

ஊர் திரும்பிய மறுவாரம் அதே கேமராவையும் அதே லென்ஸையும் எடுத்துக்கொண்டு ஆம்பூர்ப் பக்கத்து மலைகளையும் ஏலகிரியையும் படமெடுத்தேன். ஒரு படம்கூடத் தேறவில்லை. எதைத் திறந்து பார்த்தாலும் வெளிறிய வானத்தின் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மேடு மட்டுமே தெரிகிறது. முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் பார்த்து வளர்ந்த மலைகள் அவை. அவற்றின் அழகு எனக்குத் தெரியும், படத்தில்தான் வரவில்லை.

இரண்டு விஷயங்களை இங்கே கேட்க விரும்புகிறேன். பெண்ணாறும் பாலாறும் கர்நாடகத்தில் நந்தி மலையை ஒட்டிய மேட்டுநிலத்தில்தான் பிறக்கின்றன. அப்படியிருக்க, ஒன்று பாறையைப் பிளந்துகொண்டும் மற்றொன்று மணலாகப் பரந்தும் போவதற்குக் காரணம் என்ன? அடுக்கும் விளிம்பும் ஆழமும் இல்லாத நம் மலைகளைப் படத்தில் எப்படி நிறுத்துவது?

ராணிப்பேட்டை நிழல் எழுதியது:

முதலில் இதைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எந்த லென்ஸ், துவாரம் எவ்வளவு, வெயில் எந்தப் பக்கமிருந்து வந்தது?

பாலாற்றங்கரை எழுதியது:

காலை ஒன்பதரை மணி இருக்கும். நெடுஞ்சாலையோரமாக நின்று 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தேன். எல்லாம் கூர்மையாக வரவேண்டும் என்று எஃப் 22 வைத்தேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போலரைசர் வடிகட்டி போட்டிருந்தும் வானம் கறுக்கவில்லை.

ராணிப்பேட்டை நிழல் எழுதியது:

காரணங்கள் அதிலேயே இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். துவாரத்தை அவ்வளவு சிறிதாக்கினால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து சிதறுவதால், படம் முழுவதும் மெல்லிய மழுங்கல் வந்துவிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலைக்கு எஃப் 8 தாராளமாகப் போதும். அருகில் ஒரு பாறையையும் தொலைவில் மலையையும் சேர்த்துக் காட்ட வேண்டுமென்றால் எஃப் 11 வரை போகலாம். போலரைசர் வெயிலுக்குச் செங்குத்தான திசையில்தான் முழுமையாக வேலை செய்யும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அதைப் போட்டால் ஒளி குறைவதைத் தவிர வேறு பயன் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் முதுகுவெயில்தான். கண்டிகோட்டாவில் பாறை தானாகவே விளிம்பு விளிம்பாக உடைந்திருக்கிறது. எந்த வெளிச்சத்திலும் நிழல் விழும். நம் மலைகள் உருண்டவை. உருண்ட பொருளை நேர்வெயிலில் எடுத்தால் தட்டையாகிவிடும் என்பதைச் சட்டி பானையைப் படமெடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பக்கவாட்டில் வெயில் தடவிக்கொண்டு போகும் அந்த முதல் நாற்பது நிமிடத்திலும் கடைசி நாற்பது நிமிடத்திலும்தான் மலையின் உடம்பு தெரியும்.

நம் ஊர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். ஆகவே நெடுஞ்சாலையிலிருந்து நாம் பார்க்கும் ஏலகிரியின் வடக்குச் சரிவு தை மாதத்தில் பெரும்பாலும் நிழலில் கிடக்கும். அதே சரிவு ஆனி, ஆடியில் காலை மாலை இரண்டு வேளையும் ஒளி வாங்கும். எந்த மலைமுகத்துக்கு எந்த மாதம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் பதினொரு ஆண்டுகளாக எழுதி வருகிறேன்; லென்ஸுக்குச் செலவழித்த பணத்தைவிட அந்த நோட்டு எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

கல்லாசிரியர் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற நிலவியல் ஆசிரியன் நான்; திருப்பத்தூர்க்காரன். தம்பியின் முதல் கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. படமெடுக்கப் போகிறவர்கள் மலை எப்படி வந்தது என்று கேட்பதில்லை. ஆனால் அதற்கான விடை தெரிந்தவருக்குக் கேமராவை எங்கே நிறுத்துவது என்பதும் பாதி தெரிந்துவிடுகிறது.

விடையை வீட்டு அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். அலமாரித் தட்டுக்கும் மேடைக்கும் நாம் போடுகிற கடப்பைக் கல் பலகை பலகையாகப் பிரியும். அது கடலடியில் படிந்து இறுகிய படிவுப் பாறை. அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்துகிற நம் கருங்கல்லைச் சம்மட்டியால் அடித்தால் சில்லாகத் தெறிக்குமே தவிரப் பலகையாக வராது. பெண்ணாற்றுக்கும் பாலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும்.

கடப்பைப் படுகை என்பது நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடல் ஏறி இறங்கிய ஒரு பெரிய தாழ்நிலம். அதில் படிந்த மணல் இறுகி, குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான பாறையாயிற்று. கண்டிகோட்டாவில் அந்த அடுக்குகள் ஏறக்குறைய கிடையாகவே இருக்கின்றன. அவற்றைச் செங்குத்தான வெடிப்புகள் வெட்டுகின்றன. ஆறு அடியில் அரிக்க அரிக்க, மேலே உள்ள பாளம் வெடிப்பின் வழியாகப் பிய்ந்து விழுகிறது. சுவர் சரிவாக மாறாமல் மறுபடியும் செங்குத்தாகவே நிற்கிறது. சுமார் 90 மீட்டர் ஆழத்துக்கு இப்படி அறுபட்டிருக்கிறது. மலை ஓர் ஆற்றின் குறுக்கே நிற்க, ஆறு அதைச் சுற்றிப் போகாமல் அறுத்துக்கொண்டு போகிறது என்றால், அந்த ஆறு மலை இன்றைய வடிவத்துக்கு வருமுன்பே அந்தத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்றே கொள்ள வேண்டும். தன் தடத்தை விடாமல் அது கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

பாலாற்றின் கதை வேறு. அது மேட்டுநிலத்திலிருந்து இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வருகிற பள்ளத்தாக்கு அகலமானது. அதன் அடியில் இருப்பவை நைஸ் என்னும் வரியோடிய பாறையும் சார்னோகைட் என்னும் கருங்கல் வகையும். அவற்றில் கிடையான அடுக்கு கிடையாது. மண்ணுக்குள் இறங்கும் நீர் வெடிப்புகளில் புகுந்து, பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக்குகிறது. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) துகள்கள் மட்டும் கரையாமல் மிஞ்சுகின்றன. பாலாற்று மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். பளபளவென்று இருப்பதில் பெரும்பகுதி அந்தத் துகள்தான். இப்படிப் பல கோடி ஆண்டுகள் பரவலாக உதிர்ந்து இறங்கிய நிலத்தில் ஆறு குடைவதற்கு உயரமான தடையும் இல்லை, செங்குத்தாக நிற்கக்கூடிய சுவரும் இல்லை. 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடும் அந்த ஆறு, தான் உடைத்ததைத் தானே சுமக்க முடியாமல் படுகையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. 2021 நவம்பரில் கரை நிறைய வெள்ளம் போனபோது பார்த்தவர்களுக்கு, வற்றிக் கிடக்கும் இந்த ஆறு எவ்வளவு மணலை நகர்த்தக்கூடியது என்பது தெரிந்திருக்கும்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. அப்படியானால் நம் மலைகள் ஏன் நின்றன? எல்லாம் ஒரே பாறை என்றால் எல்லாமே சேர்ந்து கரைந்திருக்க வேண்டுமே?

கல்லாசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி. வெடிப்பு நெருக்கமாக இருந்த இடம் உதிர்ந்து பள்ளமாயிற்று. வெடிப்பு குறைந்த, கட்டியான பாறை இருந்த இடம் நின்றது. ஜவ்வாது மலை அப்படி நின்றதுதான். நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அகலம் 32 கிலோமீட்டர் இருக்கும். ஏலகிரி மட்டும் இதில் சற்று விலகியது. அது சயனைட் என்னும் பாறை. சுற்றியுள்ள பழம்பாறைக்குள் சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய குழம்பாகப் புகுந்து உறைந்தது. பக்கத்தில் சேவத்தூரில் அதே காலத்தைச் சேர்ந்த கார்பனடைட் இருக்கிறது. குழம்பிலிருந்து உறைந்த கார்பனேட்டுப் பாறை உலகிலேயே அரிது. அங்கே வெர்மிகுலைட் என்னும் கனிமத்தைத் தோண்டுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சார்னோகைட் தரைமட்டத்தில் உண்டாகும் பாறை அன்று. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டர் அளவிலான ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவானது. அது இன்று நம் காலடியில் கிடக்கிறது என்றால் அதன்மேல் இருந்த அவ்வளவும் போயிற்று என்று பொருள். சுமை நீங்கியதும் பாறை மேல்நோக்கி விம்மி, தன் மேற்பரப்புக்கு இணையாகத் தோல் தோலாக வெடிக்கிறது. நம் குன்றுகள் வழுக்கைத் தலைபோல் உருண்டிருப்பதற்கு அதுதான் காரணம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து 1893-இல் இந்தப் பாறைக்கு அந்தப் பெயரை இட்டார். நம் ஊர்ப் பாறை வகைக்கு ஒரு கல்லறையிலிருந்து பெயர் வந்த வரலாறு இது.

ஆகவே, தம்பி, கண்டிகோட்டாவில் நீங்கள் பார்த்தது ஆறு புத்தகம்போல் திறந்து காட்டிய ஒரு பக்கம். இங்கே நீங்கள் நிற்பது மேலே இருந்த பக்கமெல்லாம் போனபின் மிஞ்சிய கடைசிப் பக்கத்தின்மேல். அதைப் படமாக்குவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்பூர்த் தொலைவு எழுதியது:

நான் ஆம்பூரில் பிறந்தவன். இப்போது அரிசோனாவில் வேலை. ஐயா எழுதியதைப் படித்தபின் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிராண்ட் கேன்யனுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், 1.6 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்ற எண்கள் விளிம்பில் நிற்கும்போது மனத்தில் ஏறுவதே இல்லை; எதிர்க்கரை ஒரு சீலையில் வரைந்ததுபோல்தான் தெரியும். மூன்றாம் முறை பிரைட் ஏஞ்சல் பாதை வழியாகக் கொலராடோ ஆறு வரைக்கும் இறங்கினேன். மேல்விளிம்பில் உள்ள கைபாப் சுண்ணாம்புப் பாறைக்கு வயது சுமார் 27 கோடி ஆண்டு. அதற்குக் கீழே வெளிர் மஞ்சள், செம்மண் நிறம், பச்சை கலந்த சாம்பல் என்று ஒவ்வோர் அடுக்காகக் காலம் பின்னோக்கிப் போகிறது. கால் நடுங்குகிற அளவுக்கு இறங்கியபின், அடுக்குகளெல்லாம் திடீரென்று முடிந்துவிடுகின்றன. அங்கே கறுத்த, முறுக்கிக்கொண்ட, இளஞ்சிவப்பு நரம்போடிய பாறை தொடங்குகிறது. அதற்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர். வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டு. ஊடே ஓடும் சிவப்பு நரம்புக்கு ஸோராஸ்டர் கிரானைட் என்று பெயர்.

அந்தப் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை அன்று என்னால் பெயர் சொல்லி விளக்க முடியவில்லை. இது எனக்குத் தெரிந்த கல் என்று தோன்றிற்று. எங்கள் வீட்டுக் கிணறு வெட்டும்போது முப்பது அடியில் அகப்பட்டதும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாங்கள் சறுக்கி விளையாடியதும் இப்படித்தான் இருக்கும். உலகமே வந்து பார்க்கும் அந்தப் பள்ளத்தின் ஆக அடியில் இருப்பது, எங்கள் ஊரில் தரைமட்டத்திலேயே கிடக்கும் பாறையின் இளைய உறவு. ஐயா சொன்ன கணக்குப்படி எங்களுடையது அதைவிட எண்பது கோடி ஆண்டு மூத்தது.

அங்கே ஓரிடத்தில் சுமார் 52 கோடி ஆண்டு வயதுடைய மணற்பாறை இந்தப் பழம்பாறையின்மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவே உள்ள கோடு விரற்கடை அகலம்கூட இருக்காது. கட்டைவிரலை மணற்பாறையிலும் சுண்டுவிரலைக் கறுப்புப் பாறையிலும் வைத்தேன். உள்ளங்கைக்கு அடியில் 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போயிருந்தன. அந்தக் கையை ஒரு படம் எடுத்தேன். நான்கு பயணங்களில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் சுவரில் மாட்டியிருப்பது அது ஒன்றைத்தான்.

கல்லாசிரியர் எழுதியது:

இரு பாறைக்கும் நடுவே உள்ள அந்தக் கோட்டைப் பார்க்க அரிசோனாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைச்சாலையில், கீழே பழைய கருங்கல்லும் அதன்மேல் கடப்பைப் படுகையின் குவார்ட்சைட்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இடையே இருந்திருக்க வேண்டிய பல கோடி ஆண்டுகளின் பாறை இல்லை. இந்திய நிலவியல் ஆய்வகம் அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே உள்ள சிலாதோரணம் என்னும் இயற்கைப் பாறை வளைவும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. சாமி கும்பிடப் போகிறவர்கள் எத்தனை பேர் அந்தக் கோட்டைக் கடந்து போகிறார்கள்!

1911 வரை சித்தூரும், திருப்பதி அடங்கிய சந்திரகிரியும் வட ஆற்காடு மாவட்டத்துத் தாலுகாக்கள். சித்தூர்தான் மாவட்டத் தலைநகரம். அந்தப் பழைய எல்லையை மனத்தில் வைத்துப் பார்த்தால், அடிப்பாறை, அதன்மேல் உட்கார்ந்த கடல்மணல், இரண்டும் சந்திக்கும் கோடு ஆகிய மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. தம்பி கண்டிகோட்டாவுக்குப் போன பயணம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது: அம்மிக்கல் நாட்டிலிருந்து புறப்பட்டு, கடப்பைக் கல் நாட்டில் நுழைந்திருக்கிறார்.

ராணிப்பேட்டை நிழல் எழுதியது:

ஐயா சொல்வதெல்லாம் எனக்கும் புதிது, ஆர்வத்தோடு படிக்கிறேன். ஆனால் படமெடுப்பவள் என்ற முறையில் ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டும். 250 கோடி ஆண்டு என்பது படத்தில் தெரியாது. கீழே எழுதினால்தான் தெரியும். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் படம் சாம்பல் மேடாகவே நிற்கும் என்றால், எடுத்தவர் வேலையைச் செய்யவில்லை என்றுதான் நான் சொல்வேன். ஆம்பூர் நண்பரின் கைப்படம் நிற்பதற்குக் காரணம், அங்கே நிறம் மாறும் கோடு கண்ணுக்குத் தெரிகிறது; கை அளவைச் சொல்கிறது. இங்கே அப்படி எதைக் காட்டுவது?

பாலாற்றங்கரை எழுதியது:

அம்மா, நான் திணறுவதும் அந்த இடத்தில்தான். ஒரு வழியாக, கணினியில் நிறத்தைக் கூட்டிப் பார்த்தேன். பாறையில் சிவப்பு ஏறியதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள்.

ராணிப்பேட்டை நிழல் எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். வெளிச்சத்தைச் சமன்செய்வதும், புகைமூட்டத்தைச் சற்றுக் குறைப்பதும் சரி. கண் பார்த்ததைக் கருவி பார்க்கவில்லை என்பதால் அதைச் செய்கிறோம். கருங்கல் மலைக்குக் கண்டிகோட்டாவின் நிறத்தைப் பூசினால் அது எந்த ஊர் மலையாகவும் இருக்காது. எர்ரமலை சிவப்பது அந்த மணற்கல்லில் உள்ள இரும்பால். நம் மலைக்கு என்று ஒரு நிறம் இருக்கிறது: மழை பெய்து முடிந்த அரைமணி நேரத்தில் பாறை கருநீலமாகும், நீர் வழிந்த தடம் மட்டும் மையைக் கொட்டியதுபோல் கறுத்திருக்கும், உலர்ந்த இடத்தில் பாசிப்பூஞ்சைத் திட்டுகள் வெளிர் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை தூசியைக் கழுவிய மறுநாள் காலையில் போங்கள். நிறத்தைக் கூட்ட வேண்டிய தேவையே வராது.

மலைநாட்டான் எழுதியது:

வணக்கம். நான் ஜமுனாமரத்தூர்ப் பக்கம். இந்த மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவன். பள்ளியில் வேலை செய்கிறேன். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். சாம்பல் மேடு என்ற சொல் வருத்தமாக இருந்தது, கோபம் இல்லை. நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் எங்கள் மலை அப்படித்தான் தெரியும். உள்ளே வாருங்கள்.

ராணிப்பேட்டை அம்மா எதைக் காட்டுவது என்று கேட்டார்கள். எங்கள் ஓடைகளில் பாறைக்குள் குடம் குடமாகக் குழிகள் இருக்கும். சுழலில் மாட்டிக்கொண்ட கூழாங்கல் மழைக்காலம் தோறும் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் குடைந்த குழி அது. கோடையில் நீர் வற்றியபின் பார்த்தால், குடைந்த கல் முட்டைபோல் வழவழவென்று அடியிலேயே கிடக்கும். சிறு வயதில் அந்தக் கல்லை எடுத்து விளையாடினால் தாத்தா திரும்பப் போடச் சொல்வார். அது அதனுடைய வீடு என்பார். குழியையும் கல்லையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்தால், கீழே எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆறு பாறையைக் குடைவதை அதைவிடத் தெளிவாக எங்கே காட்ட முடியும்?

இன்னொன்று, தோல் உரியும் பாறை. ஐயா சொன்ன அதே வெடிப்புதான். சாய்வான பாறைமேல் நடக்கும்போது சில இடங்களில் காலடிச் சத்தம் மாறும். கட்டைவிரல் கணுவால் தட்டினால் மண்பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அங்கே மேல்தோல் விட்டுப்போயிருக்கிறது, கீழே இடைவெளி இருக்கிறது என்று பொருள். அந்தக் காலத்தில் கல் உடைப்பவர்கள் இந்த ஒலியைக் கேட்டுத்தான் இடம் தேர்ந்தார்கள். பாறைமேல் விறகை அடுக்கி நெருப்பு மூட்டி, சூட்டில் தோலைக் கிளப்பிப் பலகையாக எடுத்தார்கள். அடுக்கில்லாத கல் பலகையாக வராது என்று ஐயா எழுதியிருந்தார். பாறையின் புறத்தோலில் மட்டும் அது வரும் என்று பணிவோடு சேர்த்துக்கொள்கிறேன். வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் வரிசையாக உளிக்குழி வெட்டிவைத்த பாறைகளையும் பார்த்திருப்பீர்கள். பாதி வெட்டி விட்டுப்போனவை இன்றும் இருக்கின்றன.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அதை வாங்காமல் வராதீர்கள். காவலூர் வானாய்வகத்தைச் சுற்றி இரவில் விளக்கு வெளிச்சம் போடுவதையும் தவிர்க்க வேண்டும். 1968-இல் தொடங்கி அந்த இடத்தில் விண்மீன் பார்க்கிறார்கள் என்றால், எங்கள் மலையின் இருட்டுக்காகத்தான்.

கல்லாசிரியர் எழுதியது:

மலைநாட்டார் திருத்தியது முற்றிலும் சரி. நான் அம்மிக்கல்லைச் சொல்லும்போது புறத்தோலை மறந்துவிட்டேன். தோல் உரிவது படிவு அடுக்கால் வருவதன்று, சுமை நீங்கியதால் வருவது. ஆனால் கல் உடைப்பவருக்குக் கிடைப்பது பலகைதான். முப்பது ஆண்டு பாடம் நடத்தியும் பானை ஒலிபோன்ற ஓர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ராணிப்பேட்டை நிழல் எழுதியது:

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தோலை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முக்காலியைத் தாழ்த்தி, அகல லென்ஸை உரிந்த விளிம்புக்கு இரண்டடி தூரத்தில் வைத்து, அதே வளைவு பின்னால் உள்ள குன்றிலும் வருமாறு நில்லுங்கள். அருகிலுள்ள உரியும் தோலும் தொலைவிலுள்ள மொட்டைக் குன்றும் ஒரே கோட்டில் வளைந்தால், இது அதன் துண்டு என்று கண் தானே புரிந்துகொள்ளும். துவாரம் எஃப் 11, ஐஎஸ்ஓ 100, கூர்மை ஐந்தடி தூரத்தில். வானம் வெளுக்காதபடி ஹிஸ்டோகிராம் என்னும் வெளிச்ச வரைபடத்தைப் பார்த்து, தேவையானால் மூன்று வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்காலியின் கால் உரிந்த தோலின்மேல் நிற்கக் கூடாது. ஒருமுறை நான் அப்படி நிறுத்தி, பாறைத் துண்டு நகர்ந்ததில் கேமரா ஆறடி கீழே போய் விழுந்தது. லென்ஸ் போனது போகட்டும், அந்தத் துண்டு என் கையால் உடைந்ததை நினைத்தால் இன்றும் மனம் கேட்கவில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

இழையைத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. எடுத்துவிட்டேன் என்று சொல்ல வந்தேன்.

காட்பாடிக்கு வடக்கே, சித்தூர்ச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு மொட்டைக் குன்று இருக்கிறது. நான்கு மாலைகள் போனேன். முதல் இரண்டு மாலைகளிலும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பாறையைத் தட்டிக்கொண்டே நடந்தேன். இரண்டாம் மாலையில், மேற்குச் சரிவில் ஒலி மாறிற்று. மலைநாட்டு நண்பர் சொன்னது போலவே பானைச் சத்தம். குனிந்து பார்த்தால் பாறைத் தோல் ஒரு கையளவு தடிமனில் விட்டுப்போய், அதன் விளிம்பு உதடுபோல் தூக்கி நிற்கிறது. இடுக்கில் பெருமணல் சேர்ந்திருக்கிறது. அள்ளிப் பார்த்தால் பாலாற்று மணலைப்போலவே வெங்கச்சங்கல்லின் பளபளப்பு, ஆனால் முனை மழுங்காத துகள்கள். ஆற்றுக்குப் போய்ச் சேராத மணல். அந்த மணலில் ஒரு புல் வேர்விட்டிருந்தது.

நான்காம் மாலை மழைமேகம் கலைந்து, ஆறு மணிக்குப் பக்கவெயில் கிடைத்தது. அம்மா சொன்னபடி தாழ்ந்து நின்று எடுத்தேன். முன்னால் பாறை உதடு, அதன் நிழல், மணல், புல். பின்னால் அதே வளைவில் எதிர்க்குன்று. இரண்டுக்கும் நடுவே தாழ்நிலத்தில் பனைமரங்கள். நிறத்தைத் தொடவில்லை. கீழே குறிப்பு எழுதாமல்தான் வீட்டில் காட்டினேன். என் மகள் பார்த்துவிட்டு, மலை தோல் உரிக்கிறதா என்று கேட்டாள்.

ஆம்பூர்த் தொலைவு எழுதியது:

அந்தப் படத்தை 18-க்கு 12 அங்குலத்தில் அச்சுப் போட்டு எனக்கு ஒன்று தர முடியுமா? அடுத்த மாதம் என் தங்கை இங்கே வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பலாம். கைப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன்.

கல்லாசிரியர் எழுதியது:

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதட்டின் இடது முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் பாறை வெளிர் நிறமாகப் புதிதாகத் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் கறுத்திருக்கிறது. அந்தத் துண்டு அண்மையில் உடைந்தது. முக்காலி நின்ற இடத்தை அளந்து குறித்து வைத்திருக்கிறீர்களா? ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே லென்ஸில், அதே மாதத்தில் எடுத்துக்கொண்டு வந்தால் அந்தக் கறுப்பு ஏறுவதைக் காணலாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

குறித்து வைத்திருக்கிறேன் ஐயா. அருகிலுள்ள உளிக்குழி வரிசையில் மூன்றாம் குழியிலிருந்து தெற்கே நான்கடி, தரையிலிருந்து லென்ஸ் ஒன்றரை அடி. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆம்பூர் நண்பருக்கான அச்சு வெள்ளிக்கிழமை தயாராகும்.